கொல்லிமலைக்கும் மேலே

கொல்லிமலைக்குப் போய் வந்த நேயர்களுக்குத் தெரியும்: 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தால் மேகம் காலடியில் தவழ்வது போலிருக்கும். அம்மலையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான உயரத்தில், 10,000 அடியில், 1994-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி ஒரு யுவதி தன்னந்தனியே விமானம் ஓட்டினார். சண்டிகாரைச் சேர்ந்த குமாரி ஹரிதா கௌர் தியோல், வயது 22. இந்திய விமானப் படையில் தனித்துப் பறந்த முதற் பெண்மணி அவரே. ஓட்டியதும் விளையாட்டு விமானமன்று. ஆட்களையும் சாமான்களையும் சுமக்கும் இரட்டை எஞ்சின் ஆவ்ரோ.

இவ்வளவுக்குப் பிறகும் சர்க்கார் பெண்களைச் சண்டை விமானத்தின் அருகில் அண்டவிடவில்லை. எதிரியின் கையில் சிக்கினால் என்னாவது என்று பெரியவர்களுக்குக் கவலை. ஆண் விமானி சிக்கினால் பாதகமில்லை போலும்! 1999-ல் கார்கில் யுத்தத்தில் குஞ்சன் ஸக்ஸேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் ஹெலிகாப்டர் ஓட்டிக் காயமுற்ற சிப்பாய்களை மீட்டு வந்தார்கள். அப்போதும் கவலை தீரவில்லை. 2016 ஜூன் 18-ந் தேதிதான் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோஹனா ஸிங் ஆகிய மூவர் சண்டை விமானிகளாக உத்தியோகம் ஏற்றனர்.

அதைக் காண ஹரிதா கொடுத்து வைக்கவில்லை. 1996 டிசம்பரில் ஆந்திர தேசத்தில் ஓர் ஆவ்ரோ விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த அவரும் மாண்டார். அப்போது அவருக்கு வயது 25.