பணிவிடை செய்வோருக்கும் ஹக்கு உண்டு



படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்யும் பெண்கள் நம் மஹல்லாக்களில் பலர். நலம் விசாரிக்க வருவோர், "பொறுமையாயிரு, அல்லாஹ் நற்கூலி தருவான்" என்று கூறித் தேநீர் அருந்திச் செல்கின்றனர். அந்தத் தேநீரையும் அவளே போட வேண்டியிருக்கிறது!

படுக்கைப்புண் வராதிருக்க நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும் அப்படியே. உறக்கமிழந்தவள் ஒருநாள் எரிந்து விழுந்தால் அது ஈமானின் குறையன்று, உடலின் களைப்பு.

முதுமையடைந்த பெற்றோரைக் கடிந்துகொள்ளலாகாது எனும் இறைக்கட்டளை (17:23) பிள்ளைகளை நோக்கியது. மருமகள் செய்வது இஹ்ஸான். மகனோ தன் கடமையை அவள் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்கிவிடுகிறான்.

ஹிஜ்ரி 2இல் பத்ருப் போர் நிகழ்ந்தபோது ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனிக்க மதீனாவில் தங்கிய கணவர் உஸ்மான் (ரலி) அவர்களுக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உண்டென நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பணிவிடை ஆண்களுக்கு இழிவென்று யார் சொன்னது?

இடைவிடாது வணக்கத்தில் மூழ்கியிருந்த அபூதர்தா (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள ஹக்கை ஸல்மான் (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள். நபி (ஸல்) அவர்களும் அதை உண்மையென ஏற்றார்கள். வணக்கத்துக்கே அளவு உண்டெனில், பணிவிடைக்கு இல்லையா?

ஆகவே, "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "வெள்ளிதோறும் அஸர் முதல் மஃரிப் வரை நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மருந்துகள், அவற்றின் நேரம், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். வந்தவர் அஞ்சாமல் பொறுப்பேற்பார். வெளிநாட்டிலிருக்கும் மகன், பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும். விடுமுறையில் வரும்போது இரவுப் பொறுப்பை ஏற்கட்டும்.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிப்பது அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பின்னர் அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கி மலப்புரம் முதலிய பகுதிகளில் பரவியது. ஆண் நோயாளிக்கு ஆண்கள், பெண் நோயாளிக்குப் பெண்கள் என முறைவைத்து உதவ நம் ஜமாஅத்துகளால் இயலாதா?

சகோதரியே, உதவி கேட்பது வெட்கமன்று. வாய்திறந்து கேளுங்கள். நலம் விசாரிக்கச் செல்வோரே, பழங்களோடு இரண்டு மணி நேரத்தையும் கொண்டு செல்லுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு ஆறுதலையும் அருள்வானாக! ஆமீன்.