"இந்த வயசில உனக்கென்ன நாரி நோவு?"



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளி நிருவாகத்தில் இருப்பவர்களும், இருபது முப்பது வயதில் பிள்ளைகள் உள்ள வாப்பாமாரும் உம்மாமாரும் பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

நமதூரில் ஒரு கேள்வி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே தலைப்பில் இருப்பதுதான் அது. ஸஃப்பின் ஓரத்தில் கதிரை போட்டுத் தொழுகின்ற இளைஞனிடம் கேட்கிறார்கள். ஓட்டோவிலிருந்து இறங்கும்போது கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிப்பவனிடம் கேட்கிறார்கள். மில்லில் மூடை தூக்கமாட்டேன் என்றவனிடம் கேட்கிறார்கள். பிள்ளை பெற்று ஆறு மாதமாகியும் குனிந்து முற்றம் கூட்ட முடியாத மருமகளிடமும் இதே கேள்விதான். கேட்கின்ற யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. "நீ சோம்பேறி" என்று நேரே சொல்ல வெட்கப்பட்டு, அதைக் கேள்வியாக மாற்றிக் கேட்கிறார்கள்.

நான் டொக்டர் இல்லை, பள்ளிக்கூட மாஸ்டர். ஆனால் என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் இன்று எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஒருவன் கொழும்பில் புடவைக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறான். ஒருவன் கட்டாரில் சாரதி. ஒருவன் மில்லில் நாட்டாமி வேலை, 60 கிலோவுக்குக் குறையாத மூடை ஒவ்வொன்றும். ஒரு பிள்ளை கைத்தறியில் நாள் முழுக்கக் கூனிக் குந்தியிருக்கிறாள். இவர்களுக்கு நாரி நோகாது என்று சொல்பவர் ஒரு நாள் அந்த இடத்தில் நின்று பார்க்கட்டும்.

முதலில் மருத்துவத்தைப் பேசுவோம். உலகத்தில் மனிதர்களை அதிகமாக இயலாமல் ஆக்குகின்ற வருத்தம் நாரி நோவுதான். 2020இல் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் இதனால் கஷ்டப்பட்டார்கள் என்பது உலகளாவிய கணிப்பு. இவர்கள் எல்லோரும் கிழவர்களா? முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கின்ற டிஸ்க் பிதுங்கி நரம்பை நெருக்குகின்ற வருத்தம் அதிகமாக வருவதே 30க்கும் 50க்கும் இடையில். உழைக்கின்ற வயது அது.

அந்த நரம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நாரியில வருத்தமெண்டா காலை ஏன் நொண்டுறான்?" என்று கேட்டுச் சிரிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நாரியின் கீழ்ப்பகுதியிலிருந்து வெளிவருகின்ற நரம்பு வேர்கள் சேர்ந்து ஒரு பெரிய நரம்பாகிப் பிட்டத்தின் வழியே கால் வரை இறங்குகின்றன. உடம்பிலேயே ஆகத் தடித்த நரம்பு அது. மேலே வேரில் நெருக்கினால் கீழே கெண்டைக்காலில் மின்சாரம் அடித்த மாதிரி இழுக்கும், பாதம் விறைக்கும், இருமினால் தும்மினால் கூடும். சியாட்டிகா என்று சொல்வது இதைத்தான். காலுக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை தேய்ந்ததுதான் மிச்சம், வருத்தம் இருக்கின்ற இடம் வேறு.

இனி நம்மவர்களின் பலமான ஆதாரத்துக்கு வருவோம். "அஸருக்குப் பிறகு கிரவுண்டில பந்தடிக்கிறான். சுபஹுக்குத்தான் நாரி நோவாம். நடிப்பு!"

இதை எத்தனை பேர் எத்தனை பேரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்! சொல்கின்றவருக்குத் தெரியாது, அவர் ஒரு நோயின் அடையாளத்தைச் சரியாக விபரித்துக்கொண்டிருக்கிறார் என்று. அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் என்றொரு வருத்தம் இருக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அடையாளங்களை மனதில் வையுங்கள். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பு தொடங்கும், அநேகருக்கு இருபதுகளிலேயே. நோவு திடீரென்று வராது, மெதுவாக வந்து மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும். இரவின் பிற்பாதியில் நித்திரையைக் கெடுக்கும். விடியும்போது நாரி பலகை மாதிரி இறுகியிருக்கும், இளக அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். படுத்துக் கிடந்தால் கூடும், நடந்தால், உடம்பை அசைத்தால் குறையும். சிலருக்கு பிட்டத்தின் ஒரு பக்கம் நோகும், பிறகு மறுபக்கம் நோகும். சிலருக்கு இடையிடையே கண் சிவந்து நோகும், வெளிச்சம் கூசும்.

சுபஹுக்குக் குனிய முடியாமல் இருந்து அஸருக்குப் பிறகு ஓடக்கூடியதாக இருக்கின்ற இளைஞனைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். வாதநோய் வைத்தியர் ஒருவர் அதே கதையைக் கேட்டால் இரத்தம் சோதிக்க எழுதுவார். கவனிக்காமல் விட்டால் இந்த நோயில் முள்ளந்தண்டின் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாம், வாழ்நாள் முழுக்கக் கூன் நிற்கலாம். நேரத்துக்குப் பிடித்தால் மருந்தும் பயிற்சியும் கொண்டு கட்டுப்படுத்தலாம். உலகம் முழுவதுமே இதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் பிந்துகிறது. நமதூரில் அந்தப் பிந்தலுக்கு நமது நாக்கும் ஒரு காரணம்.

நாரி நோவு உள்ள எல்லோருக்கும் இந்த வருத்தம் என்று பயப்படவும் வேண்டாம். மிகப் பெரும்பாலானோருக்கு அது சதையும் மூட்டும் சம்பந்தப்பட்ட சாதாரண நோவு. ஆனால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல வேண்டியது வைத்தியர். ஹோட்டல் மேசையில் பிளேன்டீ குடிக்கின்றவர் அல்ல.

"சிலர் உண்மையிலேயே நடிக்கிறார்களே மாஸ்டர்?" இருக்கலாம். எந்த விடயத்தில்தான் நடிப்பவர் இல்லை? ஆனால் உங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? நோவு படத்தில் தெரிவதில்லை. எந்த நோவும் இல்லாத ஆட்களை ஸ்கேன் பண்ணிப் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் வீங்கியிருந்தது, அவர்களுக்கு ஒரு நோவும் இல்லை. மறுபக்கமாக, நோவில் துடிப்பவரின் படம் சுத்தமாகவும் இருக்கலாம். இதைக் கவனியுங்கள், ஏனென்றால் வட்டிக்கும் கைமாற்றுக்கும் காசு எடுத்து முதல் கிழமையே எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தக் கடதாசியைப் பார்த்து அழுகின்ற குடும்பங்களும் நம்மிடையே உண்டு. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால் ஒப்பரேஷன் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான சியாட்டிகா சில கிழமைகளில், சில மாதங்களில் சத்திரசிகிச்சை இல்லாமலே இறங்குகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வதும் நடக்கிறது.

கேலிக்குப் பயந்த பிள்ளை என்ன செய்கிறான்? வருத்தத்தை மறைக்கிறான். மறைத்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், வேறெங்கோ போவான். பாமசியில் "நாரி நோவுக்கு ஏதும் தாங்க" என்பான். சரையில் சுற்றி மூன்று நிறத்தில் குளிசை கிடைக்கும். என்ன பெயர், எத்தனை நாள், ஒன்றும் தெரியாது. நோவு நின்றவுடன் அதே சரையைக் காட்டித் திரும்பவும் வாங்குவான். டைக்லோபினக் போன்ற குளிசைகளை மாதக்கணக்கில் தன்னிஷ்டத்துக்கு விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கும். நோன்பு காலத்தில் வெறும் வயிற்றில் போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

இன்னொருவன் நாரியில் ஏறி மிதிப்பவரிடம் போவான். காலால் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விடும் என்று நம்புகின்ற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணெய் போட்டு இதமாகத் தடவுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை, உம்மா தடவினாலும் சுகமாகத்தான் இருக்கும். பிதுங்கிய டிஸ்க்கின் மேல் 70 கிலோ மனிதன் ஏறி நிற்பது வைத்தியமா? இன்னும் சிலர் சூனியம் என்று சொல்லிக் கயிறு கட்டி, முட்டை உடைத்து, ஒரு வருடத்தையும் ஒரு பவுனையும் தின்று முடிப்பார்கள். ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், அது நமது ஈமான். ஆனால் நாட்டுப்புற அரபிகள் வந்து மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றுதான் ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னார்கள். அந்த ஹதீஸை மிம்பரில் கேட்டுவிட்டு வீட்டில் மறப்பது ஏன்?

பெல்ட்டையும் சொல்ல வேண்டும். நாரி நோவென்றால் உடனே ஒரு பெல்ட், மூன்று மாதம் பாயில் படுக்கை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கென்று முதல் தடவையாக வழிகாட்டல் வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் சொல்லப்பட்டவற்றில் பெல்ட்டும் ஒன்று. செய்யச் சொன்னவற்றில் பயிற்சி இருக்கிறது, வருத்தத்தைப் பற்றி நோயாளிக்கு விளங்கப்படுத்துவதும் இருக்கிறது. நீண்ட படுக்கை சதையைத்தான் பலவீனமாக்கும்.

பெண் பிள்ளைகளின் விடயம் இதைவிட மோசம். மகளுக்கு நாரியும் காலும் நோகிறது என்று தெரிந்தும் உம்மா வாயைத் திறப்பதில்லை. "கலியாணம் பேசுற நேரம், வெளிய தெரிஞ்சா ஆரு எடுப்பான்?" வீடு கட்டிக் கொடுக்கவும் வேண்டும், அதற்குள் பிள்ளைக்கு வருத்தம் என்றும் தெரியக்கூடாது! பக்கத்து ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் காணுவார்கள் என்று தூர ஊருக்குக் கூட்டிப்போய் சனல் பண்ணுகிறார்கள், ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். வரன் பார்க்க வருகின்ற மாமிமாரே, பெண்ணின் நாரியைச் சோதிக்கின்ற நீங்கள் உங்கள் மகன் ஒரு குடம் தண்ணீராவது தூக்குவானா என்று சொல்லுங்கள்.

போக வேண்டிய இடம் அரச ஆஸ்பத்திரி. காசு இல்லை. ஓபிடியில் காட்டினால் தேவைக்கேற்பக் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. அங்கே சொல்லித் தருகின்ற பயிற்சியை வீட்டில் தொடர்ந்து செய்ய வேண்டும், இரண்டு நாள் செய்து "சரிவரல்ல" என்று விட்டால் அது பிசியோதெரபியின் குற்றமில்லை.

சில அடையாளங்களுக்கு மட்டும் கிளினிக் நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர் போக முடியாமல் அடைத்தால், அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமல் போனால், மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி விறைத்தால், இரண்டு காலும் பலம் இழந்தால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், அதே மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெட்கப்பட்டு விடியும் வரை காத்திருந்தால் அந்த நரம்பு திரும்பாமலே போகலாம். காய்ச்சலோடு நாரி நோவு, காரணமில்லாமல் மெலிவது, இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாகப் பள்ளிவாசல். இம்ரான் இப்னு ஹுஸைன் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு மூலவியாதி இருந்தது. தொழுகையைப் பற்றிக் கேட்டபோது நின்று தொழவும், முடியாவிட்டால் இருந்து தொழவும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழவும் நபியவர்கள் வழிகாட்டினார்கள். புகாரியில் இருக்கிறது. முடியாமை பற்றித்தான் அங்கே பேச்சு, வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த இடத்தில் கதிரையில் அமரலாம் என்ற சட்ட விபரம் உலமாக்களுடையது. அந்தப் பிள்ளை அவர்களிடம் கேட்டுக்கொள்வான். பின் ஸஃப்பில் இருந்து நீங்கள் பத்வா கொடுக்க வேண்டியதில்லை.

நிருவாகத்தினருக்கு என் வேண்டுகோள் சிறியது. கதிரைகளை ஸ்டோரில் பூட்டி வைக்காதீர்கள். முஅத்தினிடம் திறப்புக் கேட்டு, எல்லோரும் பார்க்க ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு வெட்கம் என்று யோசியுங்கள். ஒவ்வொரு ஸஃப்பின் ஓரத்திலும் இரண்டு கதிரை நிரந்தரமாக இருக்கட்டும். குத்பா நீளும்போது தூணில் சாய்ந்திருப்பவனைத் தட்டி எழுப்பாதீர்கள், நரம்பு நெருக்கியவனுக்குத் தரையில் சம்மணமிட்டு அரை மணித்தியாலம் இருப்பது நிற்பதைவிடக் கொடுமை. கேலி தாங்காமல் ஜமாஅத்துக்கு வருவதையே விட்ட பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

அந்த மூன்று பேருக்கும், இதை வாசிக்கின்ற மற்றத் தம்பிமார் தங்கச்சிமாருக்கும்: மூன்று மாதத்துக்கு மேல் நோகிறதென்றால் இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள். எப்போது நோகிறது, எப்போது குறைகிறது, எங்கே விறைக்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், டொக்டருக்கு உதவியாக இருக்கும். தனியாகப் போகக் கூச்சமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். பிள்ளைகளோடு டீச்சரும் வருவா. கிளினிக் காலையில்தான், அதற்கென்ன, ஒரு நாள் லீவு போட்டால் பள்ளிக்கூடம் இடிந்து விழாது.