அனுபவம் எங்கே விற்கிறது?

சென்ற வாரம் என் தமக்கையின் மகன் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தான். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பி.காம். படித்து முதல் வகுப்பில் தேறியவன். கையிலே சான்றிதழ்க் கட்டு. முகத்திலே, ஒரே கேள்வியை ஒன்பதாவது முறையாகக் கேட்டுவிட்டு வந்தவனுடைய களைப்பு.

"போன காரியம் என்னவாயிற்று?" என்று விசாரித்தேன்.

"அதே கதைதான், மாமா. 'முன் அனுபவம் எத்தனை வருஷம்?' என்றார்கள். இல்லை என்றேன். 'அனுபவம் பெற்றுக்கொண்டு வா' என்றார்கள். அது எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரையில் வந்தது, அடக்கிக்கொண்டேன்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும். கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் பாட்டிமார் சொல்வது உண்டு. அந்தக் கதையாக இருக்கிறதே என்று சிரித்தேன். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. ஏனெனில், இரண்டு மாதத்துக்கு முன்பு அதே வாக்கியத்தை நானே என் கையால் எழுதியிருந்தேன்!

ஏழை மாணவர் விடுதி ஒன்றை நடத்தும் தர்ம ஸ்தாபனத்தின் நிர்வாக சபையில் அடியேனும் ஓர் அங்கத்தினன். கணக்கர் ஒருவர் தேவையாயிற்று. விளம்பரத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "ஐந்து வருஷ அனுபவம் உள்ளவர் மட்டும் விண்ணப்பிக்கவும்" என்று சற்றும் யோசியாமல் எழுதிவிட்டேன். வேலை என்ன? அரிசி, பருப்பு, காய்கறிச் சீட்டுகளைப் பதிவது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பது. புத்தியுள்ள பையன் பதினைந்து நாளில் பழகிக்கொள்வான். நான் அப்படித்தான் பழகினேன். என் முதல் வேலையில் ஒரு முதிய கணக்கர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தப்பாகக் கூட்டிய பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டு, "மறுபடி கூட்டு" என்பார். வேறொன்றும் பேசமாட்டார். எனக்குத் திறந்த கதவை நானே மற்றொருவனுக்குச் சாத்தினேன் என்பது அன்றுதான் புலப்பட்டது.

முதலாளிமார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதியவன் தவறு செய்தால் நஷ்டம் அவர்களுடையது. பழக்கி ஆளாக்கியபின் அடுத்த கடைக்காரர் நூறு ரூபாய் அதிகம் கொடுத்து அழைத்துக்கொண்டு போகலாம். ஆனால் தாமிரபரணிக் கரைச் சம்சாரிகளை நினைத்துப் பாருங்கள். பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிறார்கள். வயலில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி, விதைநெல்லையும் செலவழிக்கிறார்கள். எல்லோரும் பறித்த நாற்றுத்தான் வேண்டும் என்று சொன்னால், நாற்றங்கால் வைப்பவர் யார்?

பழைய காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. பத்தமடையில் கோரைப்பாய் முடையும் வீட்டில் பிறந்த பிள்ளையை யாரும் அனுபவம் கேட்டதில்லை. வீரவநல்லூரில் தறி இருந்த வீட்டிலும் அப்படியே. தாயும் தகப்பனும் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே கை பழகிவிடும். ஆனால் அந்தப் பெருமையை அளவுக்கு மிஞ்சிக் கொண்டாடவும் கூடாது. அடுத்த தெருப் பிள்ளை அந்தத் தறியில் உட்கார முடிந்ததா? பிறப்பே அங்கே அனுபவச் சான்றிதழாக இருந்தது. அதை மாற்றவே பள்ளிக்கூடங்கள் வந்தன, பரீட்சைகள் வந்தன. இப்பொழுது பரீட்சையில் தேறியவனிடம் அனுபவம் கேட்கிறோம். சித்தப்பாவுக்குக் கம்பெனி இருக்கிற பிள்ளைக்கு அது சுலபமாகக் கிடைக்கிறது. தன் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு அதை யார் கொடுப்பார்கள்? முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிய பிறப்பும் சிபாரிசும் கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டன.

முன் அனுபவத்தையே பெரிதாகக் கருதியிருந்தால் நம் சீமையின் சரித்திரமே வேறு விதமாகியிருக்கும். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை தொழிலால் வக்கீல். கப்பல் நடத்துவதில் அவருக்கு எத்தனை வருஷ அனுபவம்? அந்தத் தொழிலை நம்மவருக்குக் கற்பிப்பதையே அவர் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. கம்பெனி நொடித்தது உண்மை. ஆனால் அது வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணப் போட்டியாலும், 1908-இல் அவர் சிறை புகுந்ததாலுமே அன்றி, கற்றுக்கொள்ள முடியாமையால் அன்று. எட்டயபுரத்துப் பாரதியார் 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர். பத்திரிகைத் தொழில் அறியாத அந்த இருபத்தொரு வயது வாலிபரை அவ்வருஷமே 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியராக ஏற்றுக்கொண்டார் ஜி.சுப்பிரமணிய ஐயர். "அனுபவத்துடன் வா" என்று அவர் திருப்பி அனுப்பியிருந்தால்?

இன்றும் வழி இல்லாமற் போகவில்லை. 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் நூற்றுக்கு இரண்டரை முதல் 15 வரை பழகுநர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் தரவேண்டும் என்பது 2019-இல் திருத்திய விதி. தொழிற்கூடத்தாருக்கு மட்டுமல்ல, பட்டதாரிகளுக்கும் அதில் இடம் உண்டு. இன்று ஸோஹோ என்று வழங்கும் கம்பெனியார் 2005-இல் ஒரு பள்ளி தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்து, கம்ப்யூட்டர் வேலை பழக்கித் தாங்களே வேலையும் கொடுத்து வருகிறார்கள். அந்தப் பள்ளி நம் தென்காசிப் பக்கத்திலும் நடக்கிறது. இது தர்மம் அல்ல, நாற்றங்கால்.

வாலிபர்களுக்கு ஒன்று சொல்வேன்: வேலைக்கு முன்பணம் கேட்பவனிடம் ஏமாறாதீர்கள், பொய்ச் சான்றிதழ் வாங்காதீர்கள். கோயில் கொடைக்குக் கணக்கு எழுதியிருந்தால் அதுவும் அனுபவமே, தைரியமாகச் சொல்லுங்கள்.

நிர்வாக சபை கூடியபோது, விளம்பரத்தில் அந்த வரியை அடிக்கவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தேன். "தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?" என்றார் ஒரு பெரியவர். மூன்று மாதம் வாரம் ஒரு நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கிறேன் என்றேன். வரி அடிபட்டது. கூடவே இன்னொரு நிபந்தனையையும் நானே எழுதினேன்: சபை அங்கத்தினரின் உறவினர் விண்ணப்பிக்கக் கூடாது.

செய்தி அறிந்த என் தமக்கை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஊரார் பிள்ளைக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டாய், தம்பி. என் பிள்ளைக்கு யார் திறப்பார்கள்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. இதைப் படிக்கும் நேயர்களில் ஆள் தேடுகிறவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களிடம் இருக்கிறது.