சைக்கிள் வாடகை

பி.கே., சுனி, பலராம். இந்தியக் கால்பந்தின் நல்ல காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். பலராமின் பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும். பி.கே. பானர்ஜிக்கும் சுனி கோஸ்வாமிக்கும் கிடைத்த புகழில் எனக்கு வருத்தமே இல்லை. அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் அந்த மூவரில் யாருடைய வாழ்க்கையை இன்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டால், துளசிதாஸ் பலராமைத்தான் முதலில் சொல்வேன்.

1936இல் செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகூடாவில், கையில் காசில்லாத குடும்பத்தில் பிறந்தவர். காலுக்கு பூட்ஸ் கிடையாது. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸை வாங்கி, செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு உள்ளூர் ஆட்டத்தில் ஓடிய பையனை ஒருவர் பார்த்தார். சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர்களுக்கு ரஹீம் சாப். பள்ளி ஆசிரியராக இருந்து, ஹைதராபாத் போலீஸ் அணியையும் பிறகு இந்திய அணியையும் உருவாக்கிய பயிற்சியாளர்.

மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கான அணித் தேர்வுக்கு வரச் சொன்னார் ரஹீம். அம்முகூடாவிலிருந்து ஹைதராபாத் மைதானத்துக்கு வந்துபோகக் காசில்லை என்றார் பலராம். சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வா என்று ரஹீம் தன் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார்.

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பலராமின் கதை அப்படிச் சொல்லவில்லை. அவருடைய காலில் இருந்த திறமை அம்முகூடாவிலேயே நின்றுபோயிருக்கும். ஆட்டத்தை மட்டும் பார்க்காமல், இந்தப் பையன் எப்படி வந்து சேர்வான் என்றும் யோசித்த ஒரு மனிதர் குறுக்கே வந்தார். அதனால்தான் நமக்கு ஒரு பலராம் கிடைத்தார்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1956இல் இருபது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம். அந்த அணி நான்காவது இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அழைத்துக்கொண்டது. 1961இல் அவர் தலைமையில் அந்த அணி கல்கத்தா லீக்கை வென்றது.

1960 ரோம் ஒலிம்பிக்கை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. எல்லோரும் அமெச்சூர்கள் என்பது விதி. ஆனால் கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் அரசே வீரர்களைப் பராமரித்தது. அவர்களுக்கு ஆட்டமே வேலை. பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வான ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஹங்கேரி அணியில் இருந்தார். அந்த அணியிடம் இந்தியா 1-2 என்றுதான் தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. பிரான்சுடன் 1-1 என்று சமன். பெருவிடம் 1-3, அதிலும் இந்தியாவின் கோல் பலராமுடையதே.

கோல் கணக்கை வைத்து மட்டும் அவரை அளந்தால் பாதிதான் தெரியும். இடப்பக்க விங்கிலும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார். முன்கள வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் குறை தெரியாது. பந்து வரட்டும் என்று முன்னால் காத்திருக்காமல், தானே பின்னால் இறங்கிப் பறித்து, முன்னால் கொண்டுவந்து, நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பார். இப்படி உழைப்பவனின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் கோல் அடித்தவர் பட்டியலில் வராது. அவர் கடைசிப் பெயரானதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தையும் ஜப்பானையும் இந்தியா வென்றது. இரண்டு ஆட்டத்திலும் பலராம் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே, அதே கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். ரஹீம் அப்போதே புற்றுநோயோடு இருந்தார். 1963 ஜூனில் இறந்துபோனார்.

அந்த 1963தான் பலராமின் ஆட்டமும் முடிந்த ஆண்டு. ஈஸ்ட் பெங்காலை விட்டு, வேலை தந்த ரயில்வேயின் பி.என்.ஆர். அணிக்குப் போயிருந்தார். நுரையீரல் நோய் வந்தது. தொண்ணூறு நிமிடம் ஓடியே பழகிய உடம்பு ஓடமுடியாமல் போனது. இருபத்தேழு வயதுக்குள் எல்லாம் முடிந்தது. பிறகு அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாராவில் தனியாக இருந்தார். 1962இல் அர்ஜுனா விருது கிடைத்தது. சுனிக்கும் பி.கே.வுக்கும் கிடைத்த பத்மஸ்ரீ, வாழ்ந்த காலத்தில் இவருக்கு வரவில்லை. 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் காலமானார்.

அமெச்சூர் ஆட்டம் என்றால் காசுக்காக ஆடாத தூய்மை என்று பெருமையாகப் பேசுகிறோம். அந்தத் தூய்மைக்கு யார் செலவு செய்தார்கள் என்று கேட்கவேண்டும். வீட்டில் வசதி இருந்தவனுக்கு அது சுமையாக இருந்திருக்காது. இல்லாதவனுக்குத் தொடக்கத்தில் ஒரு ரஹீம் வேண்டியிருந்தது. நோய் வந்த பிறகு தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. முதலாவது பலராமுக்குக் கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை.

இன்று தொழில்முறை லீக் வந்துவிட்டது, ஒளிபரப்பு வந்துவிட்டது, சம்பளமும் வந்துவிட்டது. ஆனால் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பையன் திடீரென்று வராமல் போவது நிற்கவில்லை. ஆர்வம் போய்விட்டது என்று அவன் பெயரை அடித்துவிடுவதற்கு முன், அவன் வீட்டுக்குப் போய் ஒருமுறை கேளுங்கள். பஸ் காசாக இருக்கலாம், ஷூவாக இருக்கலாம், காலை உணவாகவும் இருக்கலாம். இதைக் கேட்பதும் பயிற்சியாளரின் வேலைதான். அதற்குப் பணம் ஒதுக்குவது சங்கங்களின் வேலை.