ஏழு கல் தோடும் ஒரு வேப்பிலையும்



இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்று என்னை ரொம்பவே யோசிக்க வைத்துவிட்டது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடச் செலவுக்காகத் தங்கத் தோடு அடகுக்குப் போய்விட்டதாம். கடையில் பளபளவென்று ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டாராம். நாலே நாளில் காது சிவந்து, அரிப்பெடுத்து, நீர் வடிய ஆரம்பித்துவிட்டது. வெறுங்காதோடு கல்யாணம் கார்த்திகைக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்.

முதலில் காதைக் கவனிப்போம், அம்மா. அழகு எங்கே ஓடிப்போகிறது? மலிவு நகைகளில் மேல்பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் என்ற உலோகம் இருக்கும். வியர்வை பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலில் இறங்கும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் புண்ணாகிவிடும். ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால், பெரும்பாலும் ஆயுசு முழுக்க அப்படியேதான். அதனால் அந்தத் தோட்டைக் கழற்றி வையுங்கள். சீழ் வைத்தாலோ, வீங்கினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆறுகிற வரைக்கும் காதுக்கு ஓய்வு.

இன்னொரு விஷயம். ‘ஜெர்மன் சில்வர்’ என்று விற்கிறார்களே, பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் வெள்ளி ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது அது.

சரி, காது ஆறியபிறகு? காதுத் துளைக்குள் போகிற கொக்கி மட்டும் 92.5 முத்திரையுள்ள வெள்ளியாக இருக்கட்டும். வீட்டில் பழைய சின்னத் தங்க வளையம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் தொங்குகிற நகையை நாமே களிமண்ணில் செய்து சுட்டுக்கொள்ளலாம்!

“எனக்கு வரையவே வராதே!” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கோலம் போடத் தெரியுமல்லவா? அது போதும். நம் நகைகளின் பேரையே பாருங்களேன். மாங்காய் மாலை, கோதுமை மணிச் சங்கிலி, கல்யாணப் பெண் தலையில் வைக்கிற சூரியன், சந்திரன் எல்லாமே கண்ணெதிரே இருக்கிறவைதாம். வங்கியை எடுத்துக்கொண்டால் கவிழ்த்துப் போட்ட முக்கோணம். ஜிமிக்கி அரை உருண்டை. நெளி மோதிரம் தண்ணீரின் அலை. தெற்குச் சீமையில் எங்கள் ஆச்சிமார் போட்டிருந்த பாம்படம் இருக்கிறதே, அதில் உருண்டை, சதுரம், முக்கோணம் எல்லாம் ஒன்றாய்க் கூடியிருக்கும். இன்றைக்கு வெளிநாட்டு மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள்!

ஏழு கல் தோடு இன்னும் வேடிக்கை. ஒரே அளவான ஏழு காசுகளை எடுங்கள். ஒன்றை நடுவில் வைத்து மற்றதைச் சுற்றி அடுக்குங்கள. இடைவெளி இல்லாமல் சரியாக ஆறுதான் உட்காரும். ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும், ஏழுக்கு இடம் போதாது. வெளி ஓரத்தைக் கோடு போட்டு இணைத்தால் அறுகோணம். தேன்கூட்டின் அறையும் அதே வடிவம்தான்.

இனி செய்முறை.

மண்: பானை செய்பவரிடம் ஒரு கிலோ களிமண் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் ஊற வைத்துக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை உலர விடுங்கள். பிறகு சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசையுங்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்க விடாதீர்கள்.

வடிவம்: ஒரு வேப்பிலையை அட்டையில் வைத்து ஓரத்தை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ரம்பப் பல் எல்லாம் வேண்டாம், வளைவு மட்டும் போதும். வேப்பிலை ஒரு பக்கம் வளைந்தது. அதனால் ஒரு காதுக்கு வெட்டியபின், மறு காதுக்கு அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டுங்கள். அப்போதுதான் இரண்டும் முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். மண்ணை ஈரத்துணி மேல் 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டையை வைத்துக் கத்தியால் வெட்டுங்கள். நடு நரம்பை ஊசியால் கீறுங்கள். கொக்கிக்கான துளையை ஈர்க்குச்சியால் போடுங்கள்.

ஏழு கல் தோட்டுக்கு, மெல்லிய வட்டத் தகட்டின் மேல் மிளகு அளவு உருண்டைகள் ஏழு. ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், களிமண் குழம்பே போதும்.

அளவு: காய்ந்து சுட்டால் மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். முடிவில் 3 சென்டிமீட்டர் வேண்டுமானால் 3.3 ஆக வெட்டுங்கள். துளையும் சுருங்குமாதலால் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். ஒரு தோடு 5 கிராமைத் தாண்ட வேண்டாம். அதாவது ஒரு டீஸ்பூன் தூள் உப்பின் எடை. அதற்கு மேல் போனால் காதுமடல் தொங்கிப்போகும்.

காய்ச்சல்: வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நிழலில் நான்கைந்து நாள், தினம் ஒரு தடவை புரட்டிப்போட்டுக் காயவையுங்கள். கடைசி நாள் மட்டும் இளவெயில் காட்டலாம்.

சுடுதல்: பானை சூளையில் சேர்த்துச் சுட்டுத் தரச் சொன்னால் அதுதான் உத்தமம். இல்லாவிட்டால் வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில், ஒரு பழைய மண்சட்டியில் உமியைப் பரப்பி, நகைகளை வைத்து, மேலும் உமி போட்டு, சுற்றி வரட்டி அடுக்கி மெதுவாக எரிய விடுங்கள். தானாக ஆறுகிற வரை தொடக் கூடாது. காற்று நன்றாகப் பட்டால் சிவப்பு நிறம் வரும். காற்றுப் புகாமல் மூடி வைத்தால் கறுப்பு. சாயமே பூசாமல் இரண்டு நிறம்!

தாய்மார்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். கைக்குழந்தை உள்ளவர்கள் வீட்டிலிருக்கும்போது தொங்கட்டான் போட வேண்டாம். பிள்ளை பிடித்து இழுத்தால் காது கிழிந்துவிடும். தவழுகிற குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் மண் உருண்டைகளை வைக்காதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சமையல் பாத்திரத்தை இதற்குத் தொடவே வேண்டாம்.

நாலு பேர் பார்த்துவிட்டு “எனக்கும் ஒன்று செய்து கொடேன்” என்று கேட்பார்கள். சந்தோஷமாகச் செய்து கொடுங்கள். ஆனால் மண்ணுக்கும் கொக்கிக்கும் மட்டும் கணக்குப் பார்த்து விலை சொல்லாதீர்கள். பிசைந்த நேரம், வெட்டிய நேரம், கண் வலிக்க உருண்டை பிடித்த நேரம், அதற்கும் கூலி உண்டு. வீட்டில் செய்த வேலைதானே என்று நாமே அதை இளக்காரமாக நினைத்தால் ஊர் எப்படி மதிக்கும்?

நாளைக் காலை வாசல் தெளிக்கும்போது சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள். நந்தியாவட்டைப் பூவின் ஐந்து இதழ்கள் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். அதை எத்தனை கோட்டில் வரைய முடிகிறதென்று முயன்று பார்த்து எனக்கு அனுப்புங்கள். குறைந்த கோடுகளில் வரைந்ததை வைத்து, அடுத்த இதழில் ஒரு பதக்கம் செய்வோம். வரட்டுமா?