கையெழுத்துக்கு மட்டும்தானா விவசாயி?

விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களே!

"மனிதவள மேம்பாடு" என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். நம்ம ஊருக்கு அது எந்த ரூபத்தில் வருகிறது? ஒரு நாள் பயிற்சி! வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு பை, நோட்டு, பேனா, டீ, வடை, குரூப் போட்டோ. தலைப்பு "நீர் மேலாண்மை". பேச வந்தவரோ நம்ம ஏரி மதகை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஜீப் கிளம்பிவிட்டது. செலவுக் கணக்கில் மட்டும் நாமெல்லாம் "பயிற்சி பெற்ற விவசாயிகள்"!

இதில் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பட்டவன் சொல்கிறேன். 2017-ல் குடிமராமத்து திரும்ப வந்தபோது, ஆயக்கட்டு விவசாயிகளே வேலையை எடுத்துச் செய்யலாம் என்றார்கள். நல்ல திட்டம்தான். எங்க ஏரியில் நடந்தது என்ன? எஸ்டிமேட்டை வாசிக்க எங்களில் ஆள் இல்லை. அளவுப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை. கையெழுத்து எங்களுடையது, ஜே.சி.பி.யும் பில்லும் வேறொருத்தருடையது! நானும்தான் கையெழுத்துப் போட்டேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். அந்த வருஷமும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை.

அப்படி என்ன பெரிய வித்தை இது? வெட்டின பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன மீட்டர். பள்ளிக்கூடக் கணக்கு! பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாச்சு. காகிதத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டு, அதை நடத்தும் வித்தையைக் கொடுக்காமல் விட்டால், அதிகாரம் யார் கைக்குப் போகும்? காண்ட்ராக்டர் கைக்குத்தான்!

"விவசாயிக்கு இதெல்லாம் வராது" என்பவர்கள் இந்தோனேசியாவைப் பார்க்கட்டும். புகையான் நெல்லை அழித்தபோது 1986-ல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் வயல்வெளிப் பள்ளி நடத்தியது. வாரம் ஒருநாள், வகுப்பறை வயல்தான். கெடுக்கும் பூச்சி எத்தனை, காக்கும் பூச்சி எத்தனை என்று விவசாயியே எண்ணிப் பார்த்து, மருந்து வேணுமா வேண்டாமா என்று முடிவெடுத்தார். கற்றவர்களில் பலர் அடுத்த ஊருக்கு வாத்தியார் ஆனார்கள். பத்தே வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர்! அங்கே வாங்கியது போட்டோவுக்குக் கையெழுத்து அல்ல.

நாம் கேட்பது பிச்சை அல்ல. நம் பேரில் எழுதப்படும் பயிற்சிப் பணத்துக்குக் கணக்கு!

1. பயிற்சி ஏரிக்கரையிலும் வயலிலும், ஒரு போகம் முழுக்க நடக்க வேண்டும்.

2. ஊருக்கு ஐந்து பேருக்கு, அதில் இரண்டு பேர் பெண்கள், எஸ்டிமேட், அளவு, வரவு செலவு கற்றுத்தர வேண்டும்.

3. அவர்கள் சரிபார்க்காமல் எந்த ஏரி வேலைக்கும் பில் கூடாது.

4. பயிற்சிச் செலவைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

இந்த மாத விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு வீட்டுக்கொருவர் வாருங்கள். அக்டோபர் 2 கிராமசபையில் இதையே தீர்மானமாகப் போடுவோம். அதுவரைக்கும், வாசிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!

கற்போம்! கணக்குக் கேட்போம்! நம்ம ஏரியை நாமே ஆள்வோம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்