நம்ம மயிலாப்பூருக்கு ஒரு வழிகாட்டி தேவையா?

வெளிநாடு போய்விட்டு வருகிறவர்களின் போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். பிராக், வியன்னா, ரோம்... கோட்டை, பாலம், மணிக்கூண்டு. எல்லாப் படத்திலும் ஓரமாக ஒருவர் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருப்பார். அவர்தான் கைடு. அரை நாளுக்கு யூரோவில் காசு கொடுத்து, தங்களுக்கென்றே தனியாக ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருப்பார்கள். "அந்தாளு என்னமா கதை சொன்னார் தெரியுமா! ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை!" என்று ஒரு மாதம் வரை பேச்சு ஓடும்.

நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஆசாமியிடம் "லஸ் கார்னருக்கு ஏன் லஸ் என்று பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். "அது... யாராவது வெள்ளைக்காரன் பேரா இருக்கும்" என்பார். :-)

என் கட்சி இதுதான். வெளியூருக்கு வழிகாட்டி இருந்தால் நல்லது. சொந்த ஊருக்கு வழிகாட்டி கட்டாயம் தேவை. அதுவும் தமிழில் பேசுகிற வழிகாட்டி.

"மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மயிலாப்பூரைக் காட்ட ஒரு ஆளா?" என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? ஒரு சின்ன சோதனை வைப்போம். லஸ் மாதா கோயில், கபாலி கோயிலின் கிழக்கு கோபுரம், சாந்தோம் தேவாலயம். மூன்றும் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இப்போது நாம் பார்க்கிற கட்டடங்களில் எது பழசு?

பெரும்பாலானவர்கள் கோபுரம் என்பார்கள். சிலர் சாந்தோம் என்பார்கள். சுமார் 120 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம் 1906ல் கட்டப்பட்டது. வெள்ளை வெளேரென்று ஊசிக் கோபுரத்தோடு நிற்கும் சாந்தோம் தேவாலயக் கட்டடம் 1896ல் கட்டி முடிக்கப்பட்டது. அதாவது, மயிலாப்பூரின் இரண்டு பெரிய அடையாளங்களுக்கும் இடையே பத்தே வருட வித்தியாசம். இரண்டையும்விடப் பழசு, சந்துக்குள் ஒதுங்கி நிற்கும் லஸ் கோயில்தான். அங்குள்ள கல்வெட்டு 1516 என்கிறது. அந்த வருடத்தை எல்லா வரலாற்று ஆசிரியர்களும் ஒப்புக்கொள்வதில்லை. இன்னும் பிந்தியது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், 1639ல் ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் நிலம் வாங்குவதற்கு முன்பே போர்த்துகீசியர் இங்கே வந்துவிட்டார்கள். "லஸ்" என்றால் போர்த்துகீசிய மொழியில் ஒளி. நடுக்கடலில் வழி தெரியாமல் தவித்த மாலுமிகளுக்கு ஓர் ஒளி தெரிந்ததாம், அது கூட்டிவந்து சேர்த்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்களாம். நம்ம ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் காட்டுக் கோயில். இன்றைக்கு சிக்னலில் ஹாரன் அடித்துக் காது கிழியும் அந்த இடம் ஒரு காலத்தில் காடு என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

இதெல்லாம் புத்தகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. எஸ். முத்தையா 1981லேயே மெட்ராஸைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதிவிட்டார். ஆனால் புத்தகம் தனித்தனிக் கட்டடமாகச் சொல்கிறது. நடக்கும்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறது.

எனக்கு அது புரிந்தது பெரியம்மா பெண் ஜெர்மனியிலிருந்து வந்தபோது. கூட அவளுடைய ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர். அவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் ஒரு தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது வழக்கமாம். இங்கேயும் ஒரு பெரியவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அக்காவின் தயவில் நானும் ஒட்டிக்கொண்டேன். காலை ஆறரைக்கு லஸ்ஸில் ஆரம்பித்து, மாட வீதி சுற்றி, சாந்தோமில் முடிந்தது.

அந்தப் பெரியவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. சொன்ன ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வார்த்தை சேர்த்தார். "இது ஆவணத்தில் இருக்கிறது", "இது நம்பிக்கை", "இது ஊர் பேச்சு". தோமையர் கி.பி. 72ல் இங்கே கொல்லப்பட்டார் என்பது நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அவருடைய கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது ஆவணம். கோயில் குளத்துக்கு நிலம் கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் என்பதும், அதனால்தான் முகரம் சமயத்தில் முஸ்லிம்கள் அங்கே வருகிறார்கள் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவது. இப்படிப் பிரித்துச் சொன்னதால் சுவாரஸ்யம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், மயிலாப்பூரின் கதையில் ஒரு முள் இருக்கிறது. பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தது, இப்போதுள்ள கோயில் பிற்பாடு எழுந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சாந்தோம் பகுதியில் பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இந்தக் கதையை நாக்கில் விஷம் வைத்துக்கொண்டும் சொல்லலாம், "அதெல்லாம் எதற்கு" என்று மழுப்பிவிட்டும் போகலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. நடந்ததைச் சொன்னார். அடுத்த மூச்சில் குளத்தின் கதையையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாருக்கும் யார் மேலும் கோபம் வரவில்லை. ஊர் மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

கூகுள் இதைச் செய்யுமா? "செல்போனில் தட்டினால் எல்லாம் வருமே" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். வருடமும் அடியும் வரும், நிறைய தப்பும் வரும். எதை எவ்வளவு நம்பலாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். திருப்பிக் கேள்வி கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். "சுவாமி மேற்கே பார்த்து இருக்கிறாரே, பெரிய கோபுரம் ஏன் கிழக்கே?" என்று போர்டைப் பார்த்துக் கேட்க முடியாது.

அடுத்த ஆட்சேபம்: "கைடுகள் எல்லாம் கப்சா விடுவார்கள்." சிலர் விடுவார்கள்தான். அதற்கு மருந்து வழிகாட்டியே வேண்டாம் என்பதல்ல, நல்ல வழிகாட்டியை உருவாக்குவது. வியன்னாவில் தேர்வு எழுதித் தேறியவர்தான் அந்தத் தொழிலைச் செய்ய முடியும். லண்டனில் நீல பேட்ஜ் வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும் என்கிறார்கள். அங்கே அது ஒரு கௌரவமான வேலை. நம்ம ஊரில் கைடு என்றாலே மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பின்னாலேயே துரத்துகிறவர் என்ற எண்ணம்தான். இங்கேயும் அரசு சான்றிதழ் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரன் அவர்களைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

"சரிப்பா, மயிலாப்பூர் பழைய ஊர், கதை இருக்கிறது. மற்ற இடத்தில் என்ன இருக்கிறது? தி.நகரில் புடவைக் கடைதானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். தி.நகரில்தான் வழிகாட்டி அவசரத் தேவை என்பேன்.

ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடும்போது யாருக்காவது ஞாபகம் வருமா, அந்தப் பகுதியே ஒரு ஏரி என்று? பழைய வரைபடங்களில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை ஒரு நீளமான ஏரி கிடக்கும். 1920களில் அதை வற்ற வைத்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக் கட்சி. அதனால் ஊரே ஒரு கட்சி உறுப்பினர் பட்டியல் மாதிரி இருக்கும். நகரின் பெயர் பிட்டி தியாகராயருக்கு. நடுவில் உள்ள பூங்கா, 1921 முதல் 1926 வரை முதன்மை அமைச்சராக இருந்த பனகல் ராஜாவுக்கு. உஸ்மான் சாலை முகமது உஸ்மானுக்கு. டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா எல்லாம் அதே கணக்கு. பாண்டி பஜார் என்றால் பாண்டிச்சேரி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சௌந்தரபாண்டியனார் அங்காடி!

இது வெறும் பொது அறிவு இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் முழங்கால் தண்ணீரில் நின்றபோது "இங்கே எப்படித் தண்ணி வந்துச்சு?" என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஏரிக்குள் வீடு கட்டிக்கொண்டு, தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று பெயர்ப் பலகைகள் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. படித்துக் காட்ட ஆள் இல்லை. ஊர் வரலாறு தெரிந்தவனுக்கு அடுத்த ஏரியை மூடும்போதாவது கேள்வி கேட்கத் தோன்றும்.

அடையாறும் அப்படித்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் அந்த வெள்ளை வளைவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்காத கல்லூரி மாணவர் உண்டா? சினிமாவில் வேறு வந்துவிட்டது. அது 1930 டிசம்பர் 30 அன்று, மற்றவர்களைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கிய ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவுச் சின்னம். தெரிந்தால் அதன் மேல் "ஐ லவ் யூ" என்று கிறுக்குவதற்குக் கொஞ்சமாவது கை கூசும்.

இனி என் உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நடந்த நடையில் எல்லாமே ஆங்கிலத்தில்தான். அக்காவின் தோழிகளுக்காக ஏற்பாடு செய்தது, அதில் தப்பில்லை. கிழக்கு கோபுரத்துக்குக் கீழே நின்று அவர் 1906 பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவரு என்னா சொல்றாரு?" என்று கேட்டார். சொன்னேன். "அட, நூறு வருசம்தானா? நான் ராஜா காலத்துதுன்னு நெனச்சினு இருந்தேன். எங்களுக்கும் ஒரு நாளு இப்டி வந்து சொன்னா கேக்க மாட்டோமா?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். தினமும் பதினாலு மணி நேரம் அந்தக் கோபுரத்தின் நிழலில் இருப்பவருக்கு அதன் கதை கிடைக்கவில்லை. மூன்று நாள் தங்க வந்தவர்களுக்குக் கிடைக்கிறது. ஒரு தனி நடைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது என்பது ஒரு காரணம். மொழி அதைவிடப் பெரிய காரணம்.

முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2004லிருந்து ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் நடக்கிறது, இலவச நடைகள் உண்டு. வி. ஸ்ரீராம் போன்றவர்கள் பல வருடங்களாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறார்கள். தமிழிலும் அங்கங்கே நடக்கிறது. ஆனால் ஆகஸ்ட் போனால் அடுத்த ஆகஸ்ட் என்றிருந்தால் எப்படி? ஆங்கில நாளிதழ் படிப்பவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் எப்படி?

2006ல் அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தபோது நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியவர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான். தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டிப்போன லட்சக்கணக்கான பேருக்கு அது ஏதோ ஒரு பாழடைந்த கட்டடம். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாத கதைக்காக யார் சண்டை போடுவார்கள்?

அதனால் என் யோசனை ரொம்ப எளிது. நம்ம கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கிற பசங்க எத்தனை பேர் இருக்கிறோம்? ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். படிப்போம், பெரியவர்களைக் கேட்போம், ஆவணம் எது, நம்பிக்கை எது என்று பிரித்து வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் ஒரு நடை. கட்டணம் ஒரு காபி, ஒரு பொங்கல். அதைக் கூட வாங்க முடியாதவர்களுக்கு இலவசம். பிராகுக்குப் போய்வந்த மாமாக்களிடம் வேண்டுமானால் கொஞ்சம் கூடுதலாக வசூலித்துக்கொள்ளலாம். ;-)

முதல் நடையை சன்னதித் தெருவில், பூக்கடைகள் எதிரில் ஆரம்பிக்கலாம் என்று எனக்கு ஆசை. யார் யார் வருகிறீர்கள்?